கிழங்குச் சொற்பொழிவு

அக்கா,

இன்று சங்கத்தில் சொற்பொழிவு முடிந்ததும் தேநீரோடு அவித்த மரவள்ளிக்கிழங்கு வைத்தார்கள். அதன் ஆவி மூக்கில் பட்டதும் பேச்சாளர் பேசியதெல்லாம் மறந்துபோனது. நீங்கள் பேசியது மட்டும் நினைவுக்கு வந்தது.

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் குருண் ஊர்ச் சங்கத்துக்கு நான் செயலாளர். வாரந்தோறும் இலக்கியக் கூட்டம் நடத்துகிறேன் என்ற கர்வம் தலைக்கு மேலே இருந்தது. திகாம் பத்து ஊர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த நீங்கள் அவ்வளவு தூரம் நடந்து வந்து, "கசப்புக் கெழங்க வெஷம் போக எப்படி சமைக்கறதுன்னு நான் பேசறேன் தம்பி" என்றீர்கள். "சங்கத்தில் கிழங்கைப் பற்றியா?" என்று சிரித்தேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. "எங்க லயத்து வீடுங்கள்ல அதத் தின்னு ரெண்டு புள்ளைங்க செத்துப்போச்சு. இப்ப கெழங்கு காட்டுல கெடக்குது, ஜனங்க பயந்துகிட்டு பட்டினி கெடக்குது லா" என்றீர்கள். வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. இலக்கியக் கூட்டத்துக்கு நாலு நடை நடக்கவைத்த ஜப்பான் அதிகாரி, அரிசி கிடைக்காத அந்த நாளில் கிழங்கு என்றதும் உடனே அனுமதி கொடுத்துவிட்டார்.

ஞாயிறு காலை மண்டபம் நிறைந்தது. "தோல உரிச்சுத் துருவி மூணு நாள் ஊறப்போடணும். தண்ணிய மாத்திக்கிட்டே இருக்கணும். அவிக்கறப்ப மூடி போடக்கூடாது." யாரும் நம்பவில்லை என்பது முகங்களிலேயே தெரிந்தது. நீங்கள் தூக்குச்சட்டியைத் திறந்து, அப்படிச் சமைத்த கிழங்கை எல்லாரும் பார்க்க ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டீர்கள். பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னீர்கள்: "நான் விழுந்துட்டா, இத யாரும் திங்க வேணாம்னு சொல்லிடு தம்பி. அதையும் அவங்க தெரிஞ்சுக்கணும்."

எத்தனையோ மேடைகளைப் பார்த்துவிட்டேன் அக்கா. அப்படி ஒரு பேச்சை வேறு எங்கும் கேட்டதில்லை.

மூன்று மணி நேரம் ஒருவரும் எழுந்து போகவில்லை. நீங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் சுவர்க் கடிகாரத்தையும், விஷம் ஏறுகிறதா என்று உங்கள் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுப்பகலில் நீங்கள் எழுந்து, கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டு, மீதிக் கிழங்கை ஆளுக்கு ஒரு பிடி கொடுத்தீர்கள். வாங்கிய நான் வாயில் வைக்காமல் உங்களையே பார்த்தேன். "சாப்பிடு தம்பி, நான் இருக்கேன்ல" என்றீர்கள்.

அதற்குப் பிறகு உங்கள் லயத்தில் கிழங்கால் ஒரு பிள்ளையும் சாகவில்லை.

இன்று சங்கத்துக்குக் கூட வந்த என் பேரப்பிள்ளைகள் தட்டில் கை வைக்கப் போனார்கள். கடையில் வாங்கிய நல்ல கிழங்குதான். ஆனாலும் அவர்களைத் தடுத்து, முதல் துண்டை நான் தின்றேன். பல வருடப் பழக்கம். சின்னவள் காரணம் கேட்டாள்.

"சாப்பிடு, நான் இருக்கேன்ல" என்றேன்.