வலை இல்லை என்றேன்

மே 6, திங்கள்

இன்று இரண்டு பிரெஞ்சுக்காரர்களைக் குடாவுக்குள் கூட்டிப்போனேன். கரையிலிருந்து நடந்தே இறங்கி, பவளம் வளர்ந்த முருகைக்கல் வரை. ஐந்து சுறாக்கள் வந்தன, செட்டை நுனி கறுத்தவை. ஆளைக் கண்டதும் விலகிப்போகிற சாதி. ஒன்றுக்கு வயிறு பெருத்திருக்கிறது. கரையேறியதும் றிஸ்லானிடம் சொன்னேன். வருகிறவர்களைத் தண்ணீருக்கடியில் கூட்டிப்போகிற சுழியோடல் கடையை நானும் அவனும்தான் நடத்துகிறோம். "புள்ளத்தாச்சிக்கு இடைஞ்சல் குடுக்காத, கம்சா. நாளைக்கு மற்றப் பக்கத்தால இறக்கு" என்றான்.

மே 9, வியாழன்



விடியும்போது எங்கள் ஊர் வதனி அக்கா கடைக்கு ஓடிவந்தாள். "இவர் தண்ணிக்க போனவர், மேல வரல்ல." இவர் என்றது அவள் புருசன் வினாயகமூர்த்தி அண்ணனை. றிஸ்லான் மேலே மிதவையோடு நின்றான், நான் இறங்கினேன். கல்லுக்கடியில் இருந்தார், உயிர் இல்லை. வலை கல்லில் மாட்டியிருக்கிறது. அதை எடுக்கப் போனவரின் காலில் சுற்றிக்கொண்டிருக்கிறது. தள்ளி இரண்டு சுறா. கிட்ட வரவேயில்லை. வலையை அறுத்து, அவரை மட்டும் கொண்டுவந்தேன்.

ஆட்கள் வந்து சேருமுன் அக்கா என் கையைப் பிடித்தாள். "நானும்தான் வலையிட மற்றத் தலைப்பப் பிடிச்சிட்டு நிண்டன். இந்தக் குடாவுக்குள்ள வலை போடக் கூடாதெண்டு சட்டம், பிடிச்சா மறியல்ல போட்டிருவாங்க. ரெண்டு பொட்டப்புள்ளையள், கம்சா. நானும் போனா ஆரு பாக்கிற?"

பொலிஸ் கேட்டது, வலை ஏதும் கண்டீர்களா என்று.

இல்லை என்றேன். றிஸ்லான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மே 10, வெள்ளி

நீரில் மூழ்கி மூச்சடைத்துச் சாவு என்று டொக்டர் எழுதினார். செத்த வீட்டில் யாரும் அதை நம்பவில்லை. காலமெல்லாம் கடலிலேயே கிடந்த மனிசன் எப்படித் தாழ்வார்? காதையும் விரல் நுனியையும் சின்ன மீன்கள் கொத்தியிருந்தன. குளிப்பாட்டும்போது எல்லாரும் அதைப் பார்த்திருக்கிறார்கள்.

"சுறாதான்" என்றார் அண்ணனின் தம்பி நல்லரத்தினம்.

நான் தேத்தண்ணீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவி முடித்தேன். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மே 15, புதன்

நல்லரத்தினத்தின் ஆட்கள் பெரிய தூண்டில் போட்டு ஒரு சுறாவைப் பிடித்துவிட்டார்கள். பழிக்குப் பழியாம். அக்காவின் வீட்டு வளவுக்குள் கொண்டுபோய்ப் போட்டார்களாம்.

றிஸ்லான் கத்தினான். "நீ வாயத் திறந்தா நிப்பாட்டுவாங்க!"

"அக்காவ மறியலுக்கு அனுப்பச் சொல்றியா?"

"அப்ப இதுகள் எல்லாம் சாகட்டுமா?"

  பையை எடுத்துக்கொண்டு தன் ஊர் ஓட்டமாவடிக்குப் போய்விட்டான்.

மே 17, வெள்ளி

இன்று இரண்டு சுறா.

மே 19, ஞாயிறு

எழுதத்தான் வேண்டும்.

பின்னேரம் சனம் ஓடியது, நானும் ஓடினேன். அக்காவின் வளவில் அந்த வயிறு பெருத்தது கிடந்தது. நல்லரத்தினம் கத்தியால் கீறினார். அண்ணனின் மோதிரம் உள்ளே இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். குட்டிகள் வந்து மண்ணில் விழுந்தன. ஒன்று வாலை அடித்தது. அக்காவின் சின்னவள் வீறிட்டு அழுதாள்.

அக்கா வெளியே வந்தாள். அடிவயிற்றிலிருந்து கத்தினாள்: "வலைதான்டா! வலைதான் அவரச் சாகடிச்சது! நானும் நிண்டன்!"

"மச்சாள் துக்கத்துல பிசத்துறா. உள்ள கூட்டிப்போங்க" என்றார் நல்லரத்தினம். இரண்டு பெண்கள் அவளைப் பிடித்தார்கள். அவள் திமிறிக்கொண்டு என்னைப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான், கூப்பிடவில்லை.

"ஓம், வலைதான்" என்றேன். "நான்தான் அறுத்தனான்."

குரல் வந்ததா என்றே தெரியவில்லை. வந்திருக்க வேண்டும், எல்லாரும் திரும்பினார்கள். நல்லரத்தினத்தின் கையில் கத்தி, அதில் இரத்தம். "அப்ப ஏன்டி அண்டைக்குச் சொல்லல்ல?"

வதனி அக்காதான் பதில் சொன்னாள். "நான்தான் கையப் பிடிச்சுக் கெஞ்சினன். அதால சொல்லல்ல."

 பிறகு ஒவ்வொருவராகப் படலையைத் தாண்டிப் போனார்கள். குட்டிகளை நானும் அவளும்தான் குழி வெட்டித் தாட்டோம்.

மே 20, திங்கள்

இருவரும் பொலிஸுக்குப் போனோம். அக்காவை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் இரண்டும் என்னோடு. பெரியவள் அம்மாவின் சீலையை மடித்து மடித்து வைக்கிறாள். சின்னவள் மட்டும் கேட்டாள்: "நீங்க சொன்னதாலதானே அம்மாவக் கொண்டுபோனாங்க?"

ஓம் என்றேன். இன்னொரு பொய் சொல்ல ஏலாது.

ஜூன் 4, செவ்வாய்

அக்காவைப் பிணையில் விட்டார்கள். என் சுழியோடி அனுமதியை நிறுத்திவிட்டார்கள். றிஸ்லான் மாலைதீவுக்குப் போகிறானாம். அவன் மச்சான் சொல்லித்தான் தெரியும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கிழமை நாட்களில் பாசிக்குடா ஹோட்டல் ஒன்றின் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறேன். இடுப்பளவுத் தண்ணீர், அடியில் நீல ஓடு.

இன்று விடுமுறை. நீச்சல் கண்ணாடியை மட்டும் மாட்டிக்கொண்டு குடாவுக்குள் போனேன். கல் இருக்கிறது. சின்ன மீன்கள் இருக்கின்றன. கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

கரையேறியபோது வதனி அக்கா நின்றாள். அண்ணன் போன அன்றைக்குப் பிறகு இந்தக் கரைப்பக்கமே வராதவள். சீலையை முழங்கால்வரை தூக்கிப்பிடித்துக்கொண்டு, அலை தொடுகிற இடத்தில்.

"சுறாவக் கண்டியா?"

"இல்லக்கா."

"ஒண்டுகூட இல்லையா?"

"ஒண்டுமில்ல."

அவள் வீட்டுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். ஈர மணலிலேயே குந்தியிருந்துகொண்டு தண்ணீரைப் பார்த்தாள்.

"இன்னொருக்காப் போய்ப் பாரன், புள்ள. நான் இரிக்கன்."

கண்ணாடியைக் கழுவிக்கொண்டு திரும்பவும் இறங்கினேன்.