பூண்டு ரேட்டுக்காகப் போட்டது

ஜூலை 5, சனி

மூன்று நாளாகத் துணி காயவில்லை. அதையும் மீறி இன்று சந்தோஷம்.

சுகன்யா பேசினாள்! பிளஸ் ஒன். மேல்மலையில் பூண்டு போடும் செல்லப்பாண்டியின் மகள். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை என்று அவர்தான் கொடைக்கானலுக்கு என் மனநல ஆலோசனை கிளினிக்கிற்குக் கூட்டிவந்தார். பஸ்ஸில் வந்துபோனால் ஒரு நாள் பள்ளிக்கூடம் போய்விடுகிறது என்று சனிக்கிழமைதோறும் போனிலேயே பேசுவதென்று வைத்துக்கொண்டோம். போன் அப்பாவுடையது. அவளிடம் கொடுத்துவிட்டுப் பூண்டுக் காட்டுக்குப் போய்விடுவார்.

இத்தனை வாரம் 'உம்', 'தெரியலை'. இன்று, "அப்பா சந்தைக்குப் போற அன்னைக்குத்தான் மேடம் எனக்கு மூச்சே வருது" என்றாள். அடிக்கிறவரில்லை. ஆனால் அவர் உள்ளே வந்தால் வீடே வாயடைத்துப்போகுமாம்.

"இது நம்ம ரெண்டு பேருக்குள்ளதான்" என்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

சொல்லாமல் கொள்ளாமல் செல்லப்பாண்டி வந்தார். மேஜைமேல் போனை வைத்து ஓடவிட்டார். என் குரல். 'நம்ம ரெண்டு பேருக்குள்ளதான்.'

"யாவாரத்துக்காகப் போட்டு வச்சதும்மா. இன்னிக்கு ஒரு ரேட்டு சொல்லுவான் மண்டிக்காரன், சரக்கு போனதும் நான் எங்க சொன்னேம்பான். அதான் எந்தப் போன் வந்தாலும் தானாப் பதிவாகும். மண்டிக்காரன் பேசுனதைத் தேடயில இது கெடச்சுது."

கண் சிவந்திருந்தது. "நான் என்னம்மா பண்ணுனேன்? சொல்லுங்க, திருத்திக்கிறேன்."

"அவ பேசினதைப் பத்தி நான் பேசக்கூடாதுங்க."

"அதான் நானே கேட்டுட்டேனே!"

அழித்துவிடுங்கள் என்றேன், என் எதிரிலேயே அழித்தார். அவளிடம் இதைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம் என்றேன்.

நேற்றே கேட்டுவிட்டாராம். அப்போதிருந்து அவள் சாப்பிடவில்லை.

ஜூலை 9

மதுரையில் என் மேற்பார்வையாளர் புவனா அக்காவிடம் சொன்னேன். "ரெக்கார்டிங் இருக்கான்னு முதல் நாளே கேட்டியா?" என்றார். பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று கேட்டேன், கதவைச் சாத்தச் சொன்னேன். இதைக் கேட்கவில்லை. மடச்சி நான். எனக்குத் தோன்றவேயில்லை.

ஜூலை 12, சனி

போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை.

பஸ் ஏறிப் போய்விடலாமா? போய்? அவள் கூப்பிடாமல் அவள் வீட்டு வாசலில் நான் போய் நின்றால், அவரும் நானும் ஒன்றுதானே. பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பிவிட்டேன்.

ஜூலை 15

மழை. கரண்ட் இல்லை. அவள் இன்றாவது சாப்பிட்டாளா?

ஜூலை 19, சனி

எடுத்தாள்.

"நல்லா இருக்கேன் மேடம். வேளாவேளைக்குச் சாப்பிடுறேன். எங்கப்பா ரொம்ப நல்லவங்க." நிறுத்தி நிறுத்தி, சத்தமாக, வகுப்பில் எழுந்து நின்று பாடம் ஒப்பிப்பதுபோல.

நேரில் வருகிறாயா என்றேன். வேண்டாமாம், சரியாகிவிட்டதாம்.

"சுகன்யா, இப்ப யார்ட்டம்மா பேசுற?"



"எல்லார்ட்டயும் மேடம்."

எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றேன். "சரிங்க மேடம்." அப்புறம் போன் கை மாறியது.

"அந்த ரெக்கார்டிங்கை அன்னைக்கே நிப்பாட்டிட்டேம்மா, சத்தியமா. நான் வெளியிலதான் நின்னேன்." செல்லப்பாண்டியின் குரலில் அவ்வளவு ஆசை. "நல்லாப் பேசுனாளா?"

அதைக்கூட அவரிடம் சொல்லக்கூடாது. பேசாமல் இருந்தேன்.

"அப்ப நல்லாத்தான் பேசியிருக்கா" என்று சிரித்தார்.