அம்மாவின் பெயரில் உள்ள அடகுச் சீட்டு

சரவணை
9.2.2025

அன்புள்ள மகன் சுதனுக்கு,

நயினை அம்பாளின் காவலில் நான் நலமாய் நடமாடுகிறேன். நீயும் அந்தக் கனடாக் குளிரில் உடம்பைக் கவனித்துச் சுகமாய் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் கதைத்தால் நீ அவசரப்படுவாய், எனக்குக் கோபம் வரும், பிறகு ஒரு மாதம் கதையில்லை. ஆகவே கடிதம்.

அம்மாவின் தாலிக்கொடியை மீட்கச் சொல்லி நீ அனுப்பிய காசு வந்தது, அலுமாரியில் அப்படியே இருக்கிறது. வீட்டுத்திட்டக் காசு சுவரோடு முடிந்தபோது கூரைக்காக அந்த ஒன்பது பவுணை அடகு வைத்தது நானும் அவவும் எடுத்த முடிவு. ஒன்பது வருடமாக வட்டி கட்டி, வருடா வருடம் சீட்டைப் புதுப்பித்து, பிறத்தியாரின் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்து, ஓலை விற்று, முதியோர் கொடுப்பனவையும் போட்டு, அடகுக் கடனில் பாதிக்கு மேல் குறைத்துவிட்டேன். பவுண் விலை ஏறிவிட்டது, ஏலத்தில் போனாலும் மிச்சம் வரும் என்று முன்பு ஒருநாள் நீ சொன்னாய். அதை நான் மறக்கவில்லை. கவரிங் கொடி போட்டுக்கொண்டு, கோயிலில் சேலைத் தலைப்பால் கழுத்தை மூடித் திரிந்தவ உன் அம்மா. கடைசியாகக் குளிப்பாட்டும்போது கழுத்தைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம். உன் சின்னம்மா தேசிக்காய்ப் புளி விட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, அத்தான் இது போகுதில்லை என்று சொன்னா. இன்றைக்கும் தேசிக்காய் வெட்டினால் நான் குசினியில் நிற்பதில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றையும் எழுத வேண்டும். சீட்டு அவவின் பெயரில் இருக்கிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து வட்டி கட்டப் போனபோது வங்கியில் இருக்கும் பிரியவதனி, ஏன் ஐயா அம்மா வரேல்லையோ, சுகமில்லையோ என்று கேட்டாள். ஓம் பிள்ளை, கொஞ்சம் ஏலாமல் கிடக்கிறா என்று வாய் சொல்லிவிட்டது. எட்டு மாதமாக அவள் கேட்கிறாள், நான் சொல்கிறேன். கால் வீக்கம் வற்றியது, கஞ்சி குடித்தா. போன மாதம் முற்றத்தில் நடக்கிறா என்று சொன்னேன். அன்று பஸ்ஸுக்கு நிற்கும்போது இரண்டு வடை வாங்கினேன். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்த பிறகுதான் மற்றது யாருக்கு என்று யோசித்தேன். அம்மா நடக்கிறா என்றதில் பிரியவதனிக்குச் சந்தோஷம். அப்ப சித்திரையிலை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, மீட்கிறதெண்டாலும் புதுப்பிக்கிறதெண்டாலும் அவதான் கையெழுத்து வைக்கவேணும் என்றாள்.

சித்திரை தாண்டினால் ஏலம். அவ இல்லை என்று சொன்னால் மரணச் சான்றிதழும் உன் கையெழுத்தும் கேட்பார்கள். சான்றிதழ் அலுமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. மூன்று முறை எடுத்துக்கொண்டு பஸ்தரிப்பு வரைக்கும் போய்த் திரும்பினேன். உலகத்தில் அந்த ஒரு இடத்திலாவது அவ நடந்து திரிகிறா.

செத்தவீட்டுக்கு வர உனக்கு வதிவிடப் பத்திரம் இல்லை என்றாய், நம்பினேன். இப்போது கிடைத்துவிட்டது. ஆகவே வா. உன் காசை நீயே கட்டு, நான் கைவைக்க மாட்டேன்.

அம்பாள் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல குடும்பமும் தரட்டும். சின்னம்மாவின் முழங்காலுக்குத் தைலம் கொண்டுவர மறக்காதே. வந்த மறுநாளே வங்கிக்குப் போவோம். அந்தப் பிள்ளைக்கு முன்னால் உள்ள கதிரையில் நீ இருந்து சொல்லு. நான் வெளியே பூவரசுக்குக் கீழே நிற்பேன்.

உன்னைப் பெற்றவன்,
ஆ. சிவசிதம்பரம்