சாமிக்குப் பின்னால் ஒரு டீசல் வண்டி

பாய்,

இன்று காலையும் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. செவிலிமேட்டில் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு விட்டிருந்த ஜெனரேட்டரைக் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு வந்தேன். ஊருக்குள் நுழைவதற்குள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் பளிச்சென்று வந்துவிட்டது. கூடவே அந்தக் காந்தல் புகை வாடை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு உங்களைத் திட்டினேன். போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆன மனிதரைத் திட்டக்கூடாதுதான். வேறு யாரைத் திட்டுவது? டீசல் வண்டிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது நீங்கள்.

சாயங்காலம் வாலாஜாபாத்திலிருந்து ஒருவர் வண்டியைப் பார்க்க வருகிறார். பிடித்தால் ஓட்டிக்கொண்டே போய்விடுவார். நானும் ஒரு பெட்ரோல் வண்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் உற்சவம். அதற்குள் முடிவாக வேண்டும். வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. டீ போட்டேன், குடிக்கவில்லை. பெருக்கிய இடத்தையே மறுபடியும் பெருக்கினேன். கடைசியில் வண்டிக்குள் வந்து உட்கார்ந்து, ஸ்டியரிங் மேல் தாளை வைத்து உங்களுக்கு எழுதுகிறேன். இந்த வண்டியை விற்கலாமா, வேண்டாமா?

நம் பழைய டெம்போ படுத்துவிட்ட வருடம் பிள்ளையார்பாளையம் முனை டீக்கடையில் நாம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? சீரியல் செட்டும் ஒயரிங்கும் ஜெனரேட்டரும் என் பொறுப்பு, வண்டி உங்கள் பொறுப்பு, தொழிலில் ஆளுக்குப் பாதி. நான் பெட்ரோல் என்றேன். வாங்கும் விலை குறைவு, சர்வீஸ் செலவு குறைவு, ரிப்பேர் என்றால் எந்த மெக்கானிக்கும் கை வைப்பான். நீங்கள் ஈ ஓட்டுவதுபோல் கையை வீசினீர்கள்.

"ஸ்டெல்லாமா, பெட்ரோல் வண்டி சும்மா ஓடறதுக்கு. பின்னால ஒரு டன்னை மாட்டுனா மூச்சு வாங்கும். இழுக்கறதுக்கு டீசல்தான்."

"வெலையப் பாத்தீங்களா?"

"வாங்கறப்போ ஒரு தபா வலிக்கும். பெட்ரோல் தினம் தினம் வலிக்கும். லிட்டருக்கு எவ்ளோ தூரம் போவுதுன்னு பாரு. அதுவுமில்லாம நம்ம ஜெனரேட்டரும் டீசல், வண்டியும் டீசல். ஒரே கேன்ல வேலை முடிஞ்சிடும்."

அந்தக் கேனில்தான் நான் விழுந்தேன். ஆளுக்கொரு கேன் தூக்கிக்கொண்டு பெட்ரோல் பங்க்குக்கு அலைந்த அலைச்சல் அப்படி. டீக்கடைக்காரர்கூட, "பாய் சொல்றது சரிதான்மா" என்றுவிட்டார்.

இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. லாரிக்காரர்கள் மாதிரி கிலோமீட்டர் கிலோமீட்டராகக் கணக்குப் போட்டோமே, நம் வண்டி என்றைக்குக் கிலோமீட்டர் ஓடியது? சாமிக்குப் பின்னால் ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு ஊர்வது அதன் வேலை. நாலு வீதியைச் சுற்றி வர ஒரு பொழுது ஆகும். மண்டகப்படிக்கு மண்டகப்படி சாமி நிற்கும், நாமும் நிற்போம். எந்த நிமிடம் தூக்குவார்கள் என்று தெரியாததால் எஞ்சினை அணைக்கவும் மாட்டோம். வருடக்கணக்காகச் சாமிக்குப் பின்னால் போன நம் இரண்டு பேருக்கும் அந்த டீக்கடையில் நின்றபோது அது மட்டும் மறந்துபோயிற்று.

முதல் உற்சவத்திலேயே வண்டி நம் மானத்தை வாங்கியது. சாயங்காலப் புறப்பாடு. குளக்கரைத் திருப்பத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பிறகு சிவப்பு. நீங்கள் மிதிக்க மிதிக்க வண்டி முனகியதே தவிர இழுக்கவில்லை. ஜெனரேட்டரிலிருந்து போகும் ஒயர் விறைத்துக்கொண்டு வந்ததும் நான் ஓடிப்போய்க் கழற்றினேன். சாமிக்கு இரண்டு பக்கமும் பிடித்து வந்த விளக்குகள் அணைந்துவிட்டன. பாராயணக்காரர்கள் இருட்டில் பாடிக்கொண்டே நடந்தார்கள். கும்பலில் ஒருவர், "இன்னா பாய், சாமி போயிக்கினே இருக்குது, நீங்க இங்கேயே நின்னுட்டீங்க?" என்று கேட்டார். "சாமி இவ்ளோ மெதுவா போனா என் வண்டிக்குப் புகை அடைச்சிக்குதுபா" என்றீர்கள். அந்தத் தெருத் தறிக்காரர்கள் சிரித்துக்கொண்டே வந்து தோள் கொடுத்துத் தள்ளினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வருடம் நம்மைக் கூப்பிடமாட்டார்கள் என்று பயந்துகொண்டே ஒயரைச் சுருட்டினேன்.

மெக்கானிக் விளக்கிச் சொன்னார். இப்போது வருகிற டீசல் வண்டிகளில் சைலன்சரில் ஒரு பில்டர் இருக்கிறதாம். கரி அதில் படியும். நீளமாக, வேகமாக ஓடினால் அந்தச் சூட்டில் தானாக எரிந்துவிடும். "நீங்க நடந்து போற மாதிரி ஓட்டுனா எப்படி எரியும்?" என்றார். நான் உங்களை ஒரு பார்வை பார்த்தேன். நீங்கள் கூரையைப் பார்த்தீர்கள்.

அதிலிருந்து வந்ததுதான் நம் வழக்கம். புறப்பாடு முடிந்த மறுநாள் காலை ஜெனரேட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, பெங்களூர் நெடுஞ்சாலையில் தாமல் ஏரியைத் தாண்டி ஒரே ஓட்டமாக ஓட்டிப்போய்த் திரும்புவது. "கரி எரிக்கப் போறேன், வரியா?" என்பீர்கள். வேலை இருக்கிறது என்று முனகிக்கொண்டே ஏறுவேன். ஊர்கிற வேகத்திலேயே வாழ்ந்தவள் நான். முகத்தில் காற்று அடிக்கும்போது முதலில் பயந்தேன், பிறகு அதற்காகவே காத்திருந்தேன். விளக்கு அணைந்ததும் டேஷ்போர்டைத் தட்டி, "பாத்தியா!" என்பீர்கள், ஏதோ நீங்களே ஊதி அணைத்த மாதிரி.

ஊருக்குள் ஒயரையும் பல்பையும் தவிர எதையும் பேசாத நாம் அந்த ரோட்டில் பேசினோம். வீட்டுக்காரர் இறந்த பிறகு வெளியே கிளம்பவே பயமாக இருக்கிறது என்று நான் முதன்முதலில் சொன்னது உங்களிடம்தான். நீங்கள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "பயம் இருந்தா இருக்கட்டும். நீ வண்டியில ஏறு" என்றீர்கள்.

அந்த ஓட்டத்துக்கான டீசலையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் பெட்ரோல்தான் மலிவு என்று நான் விடாமல் குத்திக்காட்டுவேன். "அத வண்டி செலவுல சேக்காதமா" என்று சிரிப்பீர்கள். அப்போது எனக்கு அது சால்ஜாப்பாகத்தான் பட்டது.

உங்களுக்குப் பிறகு ஒருமுறைகூட அந்தப் பக்கம் போகவில்லை, பாய். தனியாக ஏறினால், நெடுஞ்சாலை தொடங்கும் வெள்ளைகேட் வரைக்கும்தான் கால் மிதிக்கிறது. அதனால்தான் விளக்கு அணையாமல் எரிகிறது. பில்டரையே மாற்றவேண்டி வரும், பேசாமல் பெட்ரோலுக்கு மாறிவிடுங்கள் என்கிறார் மெக்கானிக். ஆகமொத்தம் நான் சொன்னதுதான் சரி. ஜெயித்துவிட்டேன். தோற்ற ஆள் எதிரில் இல்லாமல் ஜெயித்து என்ன பண்ணுவது?

உங்கள் மனைவியிடம் கேட்டேன். "ஆபா, பாய் ஆசையா வாங்குனது" என்று இழுத்தேன். "வித்துடுமா. அவரு இருந்தாரு, ஓட்டுனாரு. உனக்கு எதுக்கு இந்தப் பாடு?" என்றார். அவர் முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. ஹார்ன் சத்தம் கேட்கிறது. அந்த வாலாஜாபாத் ஆள் வந்துவிட்டார்.

எழுதியதை அப்படியே மடித்து வைத்து ஒன்பது நாள் ஆகிறது. வண்டி போய்விட்டது, பாய்.

அவர் தினம் சென்னைக்குக் காய்கறி ஏற்றுகிறவர். ஓட்டிப் பார்க்க நெடுஞ்சாலைக்குத்தான் போனார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விளக்கு எரிவதையும் ஏன் எரிகிறது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். தாமல் ஏரிக்கு எதிரே அது அணைந்தது. "வண்டி ஜோரா இருக்குதே, ஏம்மா குடுக்கறீங்க?" என்றார். "இது வேகமா போற வண்டி. என்கிட்ட அந்த வேலை இல்லபா" என்றேன். திரும்பும்போது வெள்ளைகேட்டிலேயே சாவியைக் கொடுத்துவிட்டு டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கையில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

புது வண்டி நேற்று முதல் புறப்பாட்டுக்குப் போனது. புகை இல்லை, சத்தம் இல்லை. சாமி நின்றால் அணைக்கிறேன், கிளம்பினால் ஒரு தட்டில் எழுந்துகொள்கிறது. முதல் கியரில் ஜெனரேட்டரைப் பூனைக்குட்டியை இழுக்கிற மாதிரி இழுக்கிறது. கோயில் ஆட்கள் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் இன்று காலை எழுந்ததிலிருந்து கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. எரிக்க ஒரு பொட்டுக் கரி இல்லை. இந்த வண்டி என்னிடம் எதையும் கேட்காது. எங்கேயும் போகச் சொல்லாது. இப்படியே விட்டால் நான் இந்த நாலு வீதியைவிட்டு வெளியே வரமாட்டேன் என்று திக்கென்றது. ஜெனரேட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராக உங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன்.

"ஆபா, வாங்க. தாமல் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

"எதுக்குமா? இதுல கரி அடைக்காதுன்னு சொன்னியே?"

"அடைக்காதுதான். எனக்குத் தனியா போக பயமா இருக்குது. நீங்க ஏறுங்க."

அவர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த மனுஷன் எத்தனையோ வாட்டி கூப்பிட்டாரு, நான்தான் போகல" என்றார். பிறகு புர்கா எடுக்க உள்ளே போனார். இன்னும் வரவில்லை. பூட்டைத் தேடுகிறார் போலிருக்கிறது. நான் எஞ்சினை அணைக்காமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பெட்ரோல் வீணாகிறது. ஆகட்டும், பாய்.