பிரிக்காத பன்னிரண்டு பைகள்

அன்புள்ள டீச்சருக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் உண்டு, கீழே எழுதுகிறேன். சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டதில் நிம்மதி. புது வீடு மாடியில் என்கிறாய். மூட்டை முடிச்சுகளை நீ ஒருத்தியே தூக்காதே, ஆள் வைத்துக்கொள். எனக்கு முழங்கால் வலிதான், பெரிதாக ஒன்றுமில்லை. ஆய்வகத்தில் பழைய தலைவர் ஓய்வு பெற்றுவிட்டார், அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். வேலை குறைந்து கையெழுத்து கூடியிருக்கிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். வீடு காலி செய்யும்போது என் தம்பியின் விதை டப்பா கிடைத்தது, எறிந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். "சந்தைத் தக்காளியில் இருக்கும் சத்துதான் இந்தப் பழைய ரகங்களிலும் என்று நீங்களே சோதித்துச் சொன்னீர்களே அண்ணி. இல்லாத ஒன்றைத் தேடி ஆறு வருஷம் மண்ணைக் கிளறினார். அந்தத் தக்காளி அவரை நன்றாக ஏமாற்றிவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். சின்னவளிடமும் அப்படியே சொல்லி வளர்க்கிறாய்.

அந்த வரிகளை நாலைந்து முறை படித்தேன். பிறகு கீழ்த்தளத்தில் உறைபெட்டிகள் இருக்கும் அறைக்குப் போனேன். அவன் போனதிலிருந்து அந்த அறைக்கு நான் போனதில்லை. எது வேண்டுமானாலும் மாணவர்களை அனுப்பித்தான் எடுத்துவரச் செய்வேன்.

சோதிக்கச் சொல்லி அவன் கொடுத்த பன்னிரண்டு தக்காளிப் பைகளும் அடித்தட்டில், யாரோ வைத்த கீரைப் பொட்டலங்களுக்குப் பின்னால் இருந்தன. பனியில் மை அழிந்துவிடும், பென்சிலில் எழுது என்று நான்தான் அவனுக்குச் சொல்லியிருந்தேன். அப்படியே, ரகத்தின் பெயரோடு எழுதியிருந்தான். கறுப்பி, மூன்றாம் செடி, பறித்த தேதி. கோணவாயன், ஏழாம் செடி. ஒரு பையில் மட்டும், "அக்கா, தின்னுடாத." முடிச்சுகள் அவன் போட்டபடியே இறுகியிருந்தன.

டீச்சர், நான் சோதிக்கவே இல்லை.

அந்த வருஷம் அவன் வாரம் தவறாமல் கூப்பிடுவான். எடுத்த எடுப்பில் கேட்க மாட்டான். தொண்டையைச் செருமுவான், இங்கே வெயில் எப்படி என்பான், அப்புறம்தான், "என்னக்கா, நம்ம பசங்க பாஸா ஃபெயிலா?" என்பான். எனக்கு வேறு வேலைகள் வரிசை கட்டி நின்றன. அது சாக்கு. எனக்கு விடை தெரியும் என்று நினைத்திருந்தேன், அதுதான் நிஜம். பழசென்றாலே சத்து என்று பேசுகிறவர்களைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவள் நான். பழைய ரகங்களில் சில தேறும், சில தேறாது, எது என்று பார்த்தால்தான் தெரியும். மாணவர்களுக்கு இதைத்தான் பாடம் நடத்துகிறேன். என் தம்பியின் பழத்துக்கு மட்டும் பார்க்காமலே தீர்ப்பு எழுதினேன். ஒரு நாள் அவன் கூப்பிட்டபோது, "பார்த்தாச்சுடா, வித்தியாசம் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டேன்.

எத்தனை மில்லிகிராம் என்று கேட்பான் என்று பயந்தேன். கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். "நீ சொன்னா சரியாத்தான்க்கா இருக்கும்" என்றான்.

அந்த வாரமே செடிகளைப் பிடுங்கிவிட்டான். "உங்க பேச்சைத்தான் கேட்டாரு அண்ணி, உங்களுக்குக் கோடி புண்ணியம்" என்று நீ நன்றி சொன்னாய். அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன். பிறகு அவன் வேன் ஓட்டப் போனான். எட்டாம் மாதம் அந்த வளைவில் வேன் கவிழ்ந்தது. வளைவுக்கும் என் வார்த்தைக்கும் தொடர்பில்லை என்று தினமும் காலையில் எனக்கே நிரூபித்துக்கொள்கிறேன். மத்தியானம் வரை கூட அது நிற்பதில்லை.

இந்த மூன்று வாரத்தில் பைகளைப் பிரித்து, என் கையாலேயே அரைத்துப் பார்த்துவிட்டேன். ஆழ்குளிர்ப் பெட்டியில் வைத்திருந்தால் சத்து ஓரளவு மிஞ்சியிருக்கும். இதற்குப் போய் அந்த இடத்தை வீணாக்குவானேன் என்று சாதாரணப் பெட்டியில் போட்டிருந்தேன். நாலு வருஷத்தில் வைட்டமின் சி ஏறக்குறைய போய்விட்டது. சிவப்பு நிறச்சத்து முதலில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு போனது என்று யாராலும் சொல்ல முடியாது. தாதுக்கள் கெடாது. கோணவாயனில் பொட்டாசியம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறது. ஆனால் பக்கத்திலேயே சந்தை ரகம் வளர்த்துப் பார்க்காமல் அதற்கு அர்த்தமில்லை. ஆகவே அவன் சொன்னது சரியென்று என்னால் சொல்ல முடியாது. தப்பென்றும் சொல்ல முடியாது.

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கையில்லை, உனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெட்டியின் மோட்டார் நின்று மறுபடி ஓடும்போது முதலில் ஒரு செருமல் வருகிறது. பட்டப்பகலில், நாலு பேர் நடமாடும் அறையில், "சொல்லுடா" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். நேற்று ஒரு மாணவி திரும்பி, "என்ன மேடம்?" என்றாள். மோட்டாரை மாற்றச் சொல்லி ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். போட மனம் வரவில்லை.

விதையை எறிந்துவிடாதே. ஈரம் படாமல் இருந்தால் ஐந்தாறு வருஷம் தாங்கும், இந்தப் பருவத்தைத் தவறவிட்டால் முளைக்குமோ என்னவோ. எனக்கு அனுப்பு என்று கேட்க எனக்கு வாயில்லை. உன் மாடியிலேயே சின்னவளை விதைக்கச் சொல். சந்தைத் தக்காளி விதையையும் பக்கத்தில், அதே மண்ணில், அதே தண்ணீரில். பழுத்ததும் எந்த ஆய்வகத்தில் வேண்டுமானாலும் கொடு. என்னிடம் கொடுக்க வேண்டுமென்றில்லை. யார் பார்த்தாலும் எத்தனை மில்லிகிராம் என்று எண்ணைக் கேட்டு வாங்கு.

விடை எப்படி வந்தாலும் வரட்டும். அதற்காகக் காத்திருக்காமல் இன்றைக்கே அவளிடம் ஒன்று சொல்லிவிடு: அப்பாவை ஏமாற்றியது தக்காளி இல்லை, அத்தை.

அவள் நீண்ட ஆயுளோடு, யார் சொன்னாலும் தானே பார்க்காமல் நம்பாதவளாக வளரட்டும். நீ பதில் எழுதாவிட்டால் நான் கோபிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா