வலிக்காத கொப்புளம்

ஏனுங்க, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நடைக்குக் கொடுத்த ஆரஞ்சு பனியனின் சாயவாசம் மூக்கைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. போன வருடம் இதே வாசத்தோடு கண்ணாடி முன்னால் நின்று, "மாப்பிள்ளையாட்ட இருக்கறனா அம்மணி?" என்று கேட்டீர்கள். கிண்டலாக ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று மறந்துபோய்விட்டது.

சர்க்கரை வந்த குழந்தைகளுக்கு இன்சுலின் வாங்க நிதி திரட்டும் நடை. நம் மகளுக்கு எட்டு வயதில் சர்க்கரை என்று தெரிந்ததும், டாக்டரம்மா சொல்லி மூவரும் பேர் கொடுத்தோம். ரேஸ்கோர்ஸை ஒரு சுற்று சுற்றினால் முடிந்தது. எல்லோரும் ஷூ மாட்டிக்கொண்டு வந்திருக்க, நீங்கள் கருமத்தம்பட்டியில் நம் வீட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வண்டி ஏறினீர்கள். பழனிக்குப் பாதயாத்திரை போகிற நினைப்பு!

"புள்ளைக்கு நல்லாகோணும்னு முருகங்கிட்ட வேண்டியிருக்கறன். ஒரு மண்டலம் செருப்பு கெடையாது" என்றீர்கள். நாளெல்லாம் விசைத்தறியோடு நிற்கிற காலுக்கு இது ஒரு பாடா என்று நானும் விட்டுவிட்டேன்.

அங்கே பெற்றோருக்கும் இலவசமாகச் சர்க்கரை பார்த்தார்கள். நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எனக்கென்னங்க, கல்லாட்ட இருக்கறன்" என்றீர்கள். அப்போதுதான் மகள் கேட்டாள்: "அப்பா, எத்தன பாட்டல் தண்ணி குடிக்கறீங்க? எனக்குத் தெரியறதுக்கு முன்னால நானும் இப்படித்தானுங்க குடிச்சேன்."

நாம் இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

சாயங்காலம் உங்கள் குதிகாலில் கொப்புளம். "வலிக்கவே இல்ல அம்மணி. முருகன் வலிய வாங்கிக்கிட்டான் பாரு" என்று பெருமையாகக் காட்டினீர்கள். சர்க்கரை முற்றினால் பாதம் மரத்துப்போகும் என்று நமக்குத் தெரியவில்லை. மகளுக்கு வேளாவேளைக்கு ஊசி போடுகிற வீட்டில், உங்கள் விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. நான் மஞ்சளைக் குழைத்துப் பற்றுப் போட்டேன். புண் கறுத்தது. ஆஸ்பத்திரியில் செருப்புப் போடச் சொல்வார்கள், வேண்டுதல் கெட்டுவிடும் என்று வர மறுத்தீர்கள். மண்டலம் முடியப் பத்து நாள் இருக்கையில் காய்ச்சலில் விழுந்தீர்கள். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். அதற்குள் விஷம் உடம்பெல்லாம் ஏறிவிட்டதாம், போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். என்ன பிடிவாதமுங்க உங்களுக்கு! எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

இன்று காலை நடைக்குக் கிளம்புகையில் மகள் பனியன் போட்டு, தலை பின்னி, வெறுங்காலோடு வாசலில் நிற்கிறாள்.

"ஷூ எங்க கண்ணு?"

"வேண்டியிருக்கறனுங்கம்மா. உங்களுக்குச் சர்க்கர வரக் கூடாதுன்னு."

அவளை இழுத்து உட்கார வைத்து, ஷூவை மாட்டி நாடாவை இறுக்கிக் கட்டினேன். பிறகு விரலை நீட்டினேன். "வேண்டுதலெல்லாம் வேண்டாம். இந்தா, குத்திப் பாரு."

தன் விரலைக் கண்ணிமைக்காமல் குத்திக்கொள்கிற பிள்ளை, என் விரலைக் கண்ணை மூடிக்கொண்டு குத்தினாள். கருவியில் எண் வந்தது. வெறும் வயிற்றில் வரக் கூடாத எண் என்று எனக்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எங்கிட்ட இருந்துதான் அப்பாவுக்கு ஒட்டுச்சு. இப்ப உங்களுக்குமாம்மா?"

ஒரு வருடமாக இதை மனதுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். தன் டம்ளரைத் தனியாக வைத்ததும், என் தட்டில் கை வைக்க மறுத்ததும் இதனால்தான். வளர்கிறாள், சுத்தம் பார்க்கிறாள் என்று நான் பூரித்துப்போயிருந்தேன். நம் புள்ளைக்கு நல்லாகவேண்டும் என்றுதானே நடந்தீர்கள்? உங்களைக் கொன்றது தான்தான் என்ற நினைப்பை அவளிடம் விட்டுப்போயிருக்கிறீர்கள். அதை எப்படி எடுப்பேன் என்று தெரியாமல் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நடைக்குப் போகவில்லை, நேராக இங்கே வந்துவிட்டோம். "இது ஒட்டற நோவு இல்ல கண்ணு" என்று பத்துத் தடவை சொல்லிவிட்டேன். டாக்டரம்மாவும் சொன்னார். தலையாட்டினாள்.

இப்போது தண்ணீர்ப் பாட்டிலை அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"நீங்க மொதல்ல குடிச்சுப்போடுங்கம்மா" என்கிறாள்.