ஈயக் குட்டைக் கரையில் இன்னொரு மகள்

லகாட்

அன்பு மகள் பிரமிளாவுக்கும் மாப்பிள்ளை சுரேனுக்கும் அப்பா எழுதுவது. இங்கே குட்டையில் நானும், ஹுத்தான் மெலிந்தாங் வீட்டில் உன் அம்மாவும் முருகன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். கடல் தாண்டி நீ இருக்கும் காப்பிட்டில் ஆறு பெருகியிருப்பதாக டிவியில் காட்டினார்கள் என்று அம்மா சொன்னாள். படகில் பள்ளிக்கூடம் போய்ப் பாடம் நடத்தும் நீயும், உன்னோடு இருக்கிறவர்களும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். என் முழங்கால் வலி இப்போது தேவலை. அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறி இறங்கியிருக்கிறது, இனிப்பைக் குறைத்துவிட்டதாகச் சொல்கிறாள், நான் நம்பவில்லை. போனில் பேசலாமே, ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்பாய். இந்த மிதவை வீட்டில் லைன் வந்து வந்து போகிறது, வீட்டுக்குப் போகும் நாளிலோ அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். எழுதினால்தான் எனக்கு நிதானமாகப் பேச வருகிறது.

நான் வேலை செய்யும் இடத்தை நீ பார்த்ததில்லை. முன்பு ஈயம் தோண்டிய பள்ளம், இப்போது மழைத் தண்ணீர் நின்று ஏரி போல ஆகிவிட்டது. அதில் என் முதலாளி தவுக்கே வலைக் கூண்டு கட்டி திலாப்பியா மீன் வளர்க்கிறார். டிரம்களின் மேல் பலகை போட்டுக் கட்டிய சின்ன வீட்டில் நான் இருக்கிறேன். காலையில் பனி இறங்கிவிட்டால் கரை தெரியாது, சுண்ணாம்பு மலை தெரியாது, தண்ணீரும் தெரியாது. தீனியை அள்ளி வீசினால் மீன் துள்ளும் சத்தம் மட்டும் கேட்கும், வீசியது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வரும். வெயில் ஏறியதும் மலை தலைகீழாகத் தண்ணீருக்குள் நிற்கும். வேலை இல்லாத நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன், பொழுது எங்கே போகிறது என்றே தெரியாது. அப்படி உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம்தான் கரையிலிருந்து யாரோ, "அப்பா, வேலை முடியலியா?" என்று கூப்பிட்டார்கள். நீதான் வந்துவிட்டாயோ என்று ஒரு கணம் எழுந்தே விட்டேன்.

பார்த்தால் ஒரு வயதான அம்மா. முகம் சீனத்தி முகம், ஆனால் நெற்றியில் பொட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறு, கட்டியிருந்தது கைலி. எனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். நான் உங்க அப்பா இல்லம்மா என்று சொன்னதும் அவர் முகம் சுருங்கி, சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார். அதற்குள் பின்னாலேயே அவர் மகள் வந்துவிட்டாள். பெயர் நவமணி, பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை. அவள்தான் விவரம் சொன்னாள். அந்த அம்மா பெயர் வீரம்மா. ஜப்பான்காரன் காலத்தில் பிறந்தவர். பஞ்சம் தாங்காமல் பெற்றவர்கள் கைக்குழந்தையை ஒரு தமிழ்க் குடும்பத்திடம் கொடுத்துவிட்டார்களாம். வளர்த்த அப்பாவுக்கு இந்தப் பள்ளத்தில்தான், தண்ணீரில் மிதந்தபடி ஈயம் தோண்டும் கப்பலில் வேலை. வேலை முடியும் நேரத்துக்கு மகள் கரையில் வந்து நின்று அவரைக் கூட்டிக்கொண்டு போவாளாம். அவர் செத்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இப்போது வீரம்மாவுக்கு ஞாபகம் கலங்கிப்போய், அந்தக் கப்பல் இன்னும் ஓடுகிறது. நவமணி என்னிடம், "மனசுல வச்சுக்காதீங்கண்ணே, சும்மா ஆமான்னு சொல்லுங்க போதும், அம்மா சந்தோசமா வீட்டுக்கு வந்துரும்லா" என்றாள்.

அதிலிருந்து அவர் கூப்பிட்டால் ஆமாம்மா, முடிஞ்சிருச்சும்மா என்பேன். சம்பான் படகில் கரைக்குப் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சீனச்சி சீனச்சி என்று கேலி செய்கிறார்கள் என்று என்னிடம் புகார் சொல்வார். யார் சொன்னது, நாளைக்கு வந்து கேட்கிறேன் என்று நானும் கோபப்படுவேன். முதலில் நடிப்பாகத்தான் இருந்தது. போகப் போக சாயங்காலம் ஆனால் என் காது கரைப் பக்கமே இருந்தது. ஒரு நாள் மத்தியானத் தூக்கத்தில் ஒரு சின்னப் பெண் பலகைமேல் ஓடி வருவதாகக் கனவு கண்டேன், அது நீயா வீரம்மாவா என்று முகம் பிடிபடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நீ போனில் அந்த விஷயத்தைச் சொன்னாய். உன் பள்ளிக்கூடத்தில் சமைக்கும் இபான் பழங்குடிப் பெண்ணின் தங்கை பிரசவத்தில் இறந்துவிட்டதையும், பிறந்த பெண் குழந்தையை வளர்க்க அங்கே யாராலும் முடியாததையும், நீயும் சுரேனும் எடுத்துக்கொள்ள நினைப்பதையும் சொல்லி, நீங்க என்னப்பா சொல்றீங்க என்று கேட்டாய். கல்யாணமாகி இத்தனை வருஷம் நீ பட்ட பாடெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் யோசிச்சு சொல்றேம்மா என்றேன். உன் குரல் சின்னதாகிப் போனது. கரையில் நின்று பேசிவிட்டு சம்பானில் திரும்பி வரும்போது நமக்கும் அந்தப் பிள்ளைக்கும் என்ன ஒட்டு உறவு, நாலு பேர் என்ன பேசுவார்கள், நாளைக்கு அதன் சொந்தக்காரர்கள் வந்து கேட்டால் நீ தாங்குவாயா என்று என்னென்னவோ ஓடியது.

போன வாரம் நல்ல மழை. பொழுது சாயும் நேரத்தில் நவமணி நனைந்துகொண்டே ஓடி வந்து, "அண்ணே, அம்மா இங்க வந்துச்சா? வீட்டுல காணோம்" என்றாள். வரவில்லை. நானும் அவளும் ஆளுக்கு ஒரு பக்கம் கரையோரமாகக் கூப்பிட்டுக்கொண்டே போனோம். குட்டையின் அந்தக் கோடியில், ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும் இடத்தில், இடுப்பளவு தண்ணீரில் வீரம்மா நின்றுகொண்டிருந்தார். மழையில் தலைமுடி முகத்தில் ஒட்டியிருந்தது. அந்தப் பக்கம் ஒரு அடி தவறினால் ஆழம், தவுக்கே எனக்கு முதல் நாளே சொன்ன இடம். நான் மெதுவாக இறங்கிக் கையை நீட்டினேன். அவர் பிடிக்கவில்லை. என்னையே பார்த்தார். "லயத்து வீடுகள்ல எல்லாரும் சொல்றாங்கப்பா. சீனத்து அப்பா வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிருவாராம். நீங்க குடுத்துருவீங்களா?" என்று கேட்டார்.

பிரமிளா, அந்த நேரத்தில் நான் எதையும் யோசிக்கவில்லை. "குடுக்க மாட்டேன். நீ என் பிள்ளை. யார் வந்தாலும் குடுக்க மாட்டேன்" என்றேன். மழைச் சத்தத்தில் காதில் விழவில்லையோ என்று இன்னொரு தடவை கத்திச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எலும்பு எலும்பாக, சில்லென்று இருந்த கை. தூக்கிக் கரையில் உட்கார வைத்தபோது நவமணி ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். வீரம்மா அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "அழாதடி, அப்பா குடுக்க மாட்டேன்னுட்டாரு" என்றார்.

காய்ச்சல் வந்து ஈப்போவில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்றுத் தூறலில் நவமணி குடையோடு கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். என்னைப் பார்த்து, "யாரு தம்பி நீ, மழையில இப்படி நனையுறியே, தலையைத் துவட்டலாம்ல" என்று அதட்டினார். தெளிவாக இருக்கிறாரே என்று நவமணிக்குச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் அப்பா என்று கூப்பிடவில்லையே என்று மனது கொஞ்சம் வாடியது. இதை உன்னிடம் தவிர வேறு யாரிடம் சொல்வது.

ஆகவே மகளே, அந்தக் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். வெல்ஃபேர் ஆபீசில் என்ன கேட்டாலும் பொறுமையாகச் செய்யுங்கள், குறுக்கு வழி வேண்டாம். பிள்ளைக்கு விவரம் தெரியும்போது ஊரார் சொல்லித் தெரியக் கூடாது, நீங்கள் இருவரும் மடியில் வைத்துக்கொண்டு நீங்களே முதலில் சொல்லுங்கள். அதன் பெரியம்மா வீட்டுக்கு, அவர்கள் எல்லாரும் சேர்ந்து வாழும் அந்த நீள வீட்டுக்கு, அடிக்கடி கூட்டிப் போங்கள். அவர்கள் பேச்சும் அதற்கு வரட்டும், நம் பேச்சும் வரட்டும். பெற்றவள் ஏதாவது பெயர் நினைத்து வைத்திருந்தால் அதை மாற்ற வேண்டாம், கூட ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்.

உன் அம்மா என்ன சொல்வாளோ என்று பயந்துகொண்டே போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பை அணைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "இதுக்கா மனுசன் இவ்வளவு நாளு யோசிப்பாரு? பிள்ளைக்கு எண்ணெய் தேய்ச்சு தலைக்கு ஊத்த அவளுக்குத் தெரியாதுலா. எனக்கு டிக்கெட் போடச் சொல்லுங்க" என்றாள். மறுநாளே பசாருக்குப் போய் ஸ்பிரிங் தொட்டில் வாங்கி வந்துவிட்டாள். அதை விமானத்தில் ஏற்றுவார்களா என்று சுரேனை விசாரிக்கச் சொல். எனக்கும் தவுக்கே லீவு கொடுத்துவிட்டார், இரண்டு பேருமே வருகிறோம்.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உங்களோடு இருக்கும். படகில் ஏறும்போது மிதவைச் சட்டை போட மறக்காதே, பிள்ளைக்கும் அதன் அளவில் ஒன்று கிடைக்கிறதா என்று பார். பிள்ளையின் படம் ஒன்று அனுப்பு, தூங்குகிற படமாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா, உன் மகளுக்குத் தாத்தா,
மாயாண்டி